எருமைக்கு ஆயில் கூலர்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் நாத்தனார் அந்த அளவுக்கு மோசமில்லை. அவர் கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவருடைய தம்பி, அதாவது என் வீட்டுக்காரர், தானாக முன்வந்து கூடம் கோணல் என்று சொன்னார். சொன்னதோடு விட்டாரா, அதை நிமிர்த்தவும் கிளம்பினார்.

நாங்கள் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறோம். பள்ளி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மூடிப்போன ஒரு கிடங்கின் பின்னால் சிமெண்ட் தரை, அதில் வெள்ளைப் பெயிண்டில் ஓர் எட்டு, தகரக் கூரை போட்ட அறை, ஒரு ஸ்கூட்டர், கியர் வைத்த பைக் ஒன்று. பைக்குக்கு எருமை என்று பெயர். கறுப்பு, கனம், எதற்கும் அவசரப்படாது, யார் ஏறி மிதித்தாலும் பொறுத்துக்கொள்ளும். பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன், ஆண்களுக்கு அவர். ஆண்கள் வரும்போதே எல்லாம் தெரிந்துகொண்டுதான் வருவார்கள். அவர்களைச் சமாளிக்க என் வீட்டுக்காரர் மாதிரி வாயில்லாப் பூச்சிதான் லாயக்கு.

நாத்தனார் தன் புருஷன் வீட்டை உதறிவிட்டு ஒரே ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டில் வந்து இறங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தெருவைப் பார்த்த அறையை அவருக்குக் கொடுத்தோம். அது நாங்கள் படுத்துக்கொண்டிருந்த அறை. அன்றிலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் ஹாலில், டிவிக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவில் குடித்தனம் நடத்துகிறோம். நாத்தனார் எப்போது கிளம்புவார் என்று நான் ஏங்கினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. செருப்பு வாசனையில் ஒரு வருஷம் தூங்கிப் பார்த்தவர்கள் என்னைத் திட்டலாம், மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ளலாம்.

கல்யாணத்துக்கு முன் அவர் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தவர். பக்கத்து ஊர் லேப் ஒன்று இப்போது கூப்பிட்டிருந்தது. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவர வேண்டும். வண்டி அவர்கள் தருவார்கள், தங்க மாடியில் ஓர் அறையும் தருவார்கள். சேருகிற அன்று கியர் வண்டி லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இல்லையென்றால் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு வேலை போய்விடும். அந்தத் தகவல் வந்த அன்று அவர் அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்ததை நான் கதவிடுக்கில் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேரில் எதுவும் இருந்ததில்லை. வாசல் சாவி கூட அந்த வீட்டில் அவர் கையில் தந்ததில்லையாம்.

"என் அக்காவுக்கு நானே சொல்லிக்குடுக்கறேன்" என்றார் என் வீட்டுக்காரர். நான் ஒதுங்கிக்கொண்டேன். துணியை எப்படிக் காயப்போடுவது என்று ஒருமுறை நாத்தனாரிடம் நேராகச் சொல்லப்போய், வாரக்கணக்கில் வீட்டில் தட்டு வைக்கும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லாமல் போயிருந்தது. அதிலிருந்து அவரிடம் யாரும் எதையும் நேராகச் சொல்வதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். குழாயைச் சரியாக மூடவில்லையா, குழாயைத் திட்டுவோம். விளக்கை அணைக்கவில்லையா, மின்சாரக் கம்பெனியைத் திட்டுவோம்.

இந்த லட்சணத்தில் பாடம் நடந்தால் தேர்வு எப்படி இருக்கும்? மூன்று முறை போனார், மூன்று முறையும் எட்டின் இரண்டாவது வளைவில் வண்டி ஓர் இழு இழுத்து நின்றது, கால் தரையில் ஊன்றியது, இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். காரணம் எனக்கு முதல் நாளே தெரியும். நாத்தனார் இடது கையில் பிடித்த க்ளச்சை விடவே மாட்டார். அரை க்ளச் பிடித்தபடியே ஆக்ஸிலேட்டரை முறுக்குவார். மெதுவாகப் போகும்போது கொஞ்சம் பிடிப்பதில் தப்பில்லை. இவர் பிடித்தால் பிடித்ததுதான். க்ளச் தட்டுகள் உரசி உரசி எஞ்சின் எண்ணெயே கொதித்து, தகரக் கூரை வரைக்கும் கருகல் வாசனை வரும்.

மூன்றாவது முறை தோற்றுத் திரும்பியபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் வீட்டுக்காரர்தான் வாயைத் திறந்தார்.

"உன் மேல தப்பில்லக்கா. வண்டி சூடாயிடுச்சு. சூடானா எருமை இப்படித்தான் மக்கர் பண்ணும்."

நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு. ஆனால் இவர் அந்தச் சாக்கைக் கொடுத்தது லேபில் வேலை பார்த்த பெண்ணிடம். அவர் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"சூடுன்னா எவ்வளவு சூடு?"

மறுநாள் பெட்டியின் அடியிலிருந்து நீளமான கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்று வெளியே வந்தது. எட்டுப் போட்டு முடித்து, வண்டியை நிறுத்தி, எண்ணெய் ஊற்றும் துளையைத் திறந்து, அதற்குள் தெர்மாமீட்டரை இறக்கிவிட்டு, ஜுரக்காரன் தலைமாட்டில் நிற்பது மாதிரி நின்றார். நூற்று முப்பதைத் தாண்டிவிட்டது.

"நீ சொன்னது சரிதான் தம்பி. எருமைக்கு நெஜமாவே சூடு அதிகம். இதுக்கு என்ன வைத்தியம்?"

என் வீட்டுக்காரர் அதற்கு முன் ஆயில் கூலரைப் படத்தில்தான் பார்த்திருந்தார். ஆனால் பொய் சொன்னவருக்கு வைத்தியம் சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? எஞ்சினிலிருந்து எண்ணெயை ஒரு குழாய் வழியாக வெளியே எடுத்து, முன்னால் மாட்டிய அலுமினிய வலைக்குள் சுற்றவிட்டு, ஆறிய பிறகு திருப்பி அனுப்பும் சாமான் அது. பெரிய பைக்குகளில் பார்க்கலாம். எருமைக்கும் அதை மாட்டிவிடலாம் என்று அவர் சொல்ல, நாத்தனார் உடனே தலையாட்டினார். அளந்து பார்த்தாயிற்று, நோய் தெரிந்தாயிற்று, மருந்தும் கிடைத்தாயிற்று.

என் தம்பி லேத் பட்டறை வைத்திருக்கிறான். கூலரை மாட்டப் பட்டை செய்ய வேண்டும் என்று அவனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். நாத்தனார் உள்ளே கை கழுவப் போன சமயம் அவன் ஆரம்பித்தான்.

"மாமா, கூலர் எதால ஆறும்?"

"காத்தால."

"காத்து எப்ப அடிக்கும்?"

"வண்டி வேகமாப் போகும்போது."

"நீங்க எட்டுல என்ன வேகம் போறீங்க? பக்கத்துல ஒருத்தர் நடந்து வந்தா உங்களை முந்திடுவாரு. இதுல எங்கேருந்து காத்து வரும்?"

என் வீட்டுக்காரர் யோசித்தார். அந்த யோசனை எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"ஃபேன் வெச்சிடலாம் மாப்ள."

தம்பி என்னைப் பார்த்தான். வாசல் வரை அவனை வழியனுப்பப் போனபோது கேட்டான். "ஏன்க்கா, அவங்க க்ளச்சை விடலைன்னு ஊருக்கே தெரியுது. ஒருத்தர் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"நீ சொல்லேன்."

"நான் எதுக்குச் சொல்றேன்? நான் பொண்ணு குடுத்த வீட்டுக்காரன். நான் பட்டை செய்யறதோட சரி."

பூனைக்கு யாரும் மணி கட்டவில்லை, ஆனால் எருமைக்குக் கூலர் கட்டினார்கள். ஒரு சனி ஞாயிறு முழுக்க அந்த வேலை நடந்தது. வேறு ஏதோ பெரிய வண்டியிலிருந்து கழற்றிய கூலர் அது. எருமையின் முகத்துக்குக் கொஞ்சம் பெரிது. குழாய் ஒரு பக்கம் எட்டவில்லை, மறு பக்கம் சைலன்ஸரைத் தொட்டது. முதல் முறை ஸ்டார்ட் செய்தபோது வாஷர் போட மறந்த இடத்திலிருந்து சூடான எண்ணெய் பீய்ச்சி, என் வீட்டுக்காரர் சட்டையில், வெள்ளைப் பெயிண்ட் எட்டில், ஸ்கூட்டர் சீட்டில் எல்லாம் தெளித்தது. அன்று வந்த மாணவர்கள் தரையில் மண் தூவிப் பெருக்கினார்கள். அதற்குப் பிறகு ஃபேன் வந்தது. பழைய கம்ப்யூட்டருக்குள் இருக்குமே, அந்த மாதிரி சின்ன ஃபேன். அது சுற்றும்போது வண்டிக்குள் யாரோ குறட்டை விடுவது போலச் சத்தம் வந்தது.

நாத்தனார் ஏறி எட்டுப் போட்டார். கருகல் வாசனை வந்தது. தெர்மாமீட்டரை இறக்கினார். இரண்டு கோடு குறைந்திருந்தது.

"பார்த்தியா, வேலை செய்யுது" என்றார். இரண்டு கோட்டுக்கு அவ்வளவு சந்தோஷப்பட்டார். அடுத்த சுற்றில் வண்டி பழையபடி இழுத்து நின்றது. "இன்னும் கொஞ்சம் பெரிய ஃபேனா வெச்சா சரியாகும் தம்பி" என்றார். அவர் தம்பி தலையாட்டினார். தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

அன்று கிடங்குக்குப் பின்னால், எண்ணெய்க் கையைக் கழுவிக்கொண்டிருந்தவரை மடக்கினேன்.

"உங்க அக்கா க்ளச்சை விடறதே இல்ல."

"தெரியும்."

"என்னது?"

"முதல் நாள்லேருந்தே தெரியும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கூலரைப் பிடுங்கியே அவர் தலையில் போட்டிருப்பேன், ஆனால் அதைக் கழற்ற இரண்டு நாள் ஆகும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் இவர் என்பது தெரியும். தெரிந்தே மறைக்கிறார் என்று தெரியாது.

"தெரிஞ்சுக்கிட்டேவா இந்தக் கூத்து? அவங்க வேலை போயிடும்ங்க."

அவர் குழாயை மூடவில்லை. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. "அந்த வீட்டுல இத்தனை வருஷமா உனக்கு ஒண்ணும் தெரியாது, ஒண்ணும் வராதுன்னு சொல்லிச் சொல்லியே அவளைப் பாதியாக்கிட்டாங்க. இங்க வந்தும் நான் அதையே சொல்லணுமா? என்னால முடியாது. வண்டி மேல பழி போட்டா வண்டி அழாது."

குழாயை மூடிவிட்டு வந்துவிட்டேன். நல்லவர்களோடு குடித்தனம் நடத்துவது கஷ்டம். கெட்டவன் என்றால் இரண்டு வார்த்தை திட்டி விஷயத்தை முடித்துவிடலாம்.

மறுநாள் காலை துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். நாத்தனார் அங்கே தரையில் சாக்பீஸால் எட்டு வரைந்து அதன்மேல் நடந்துகொண்டிருந்தார். ஹேண்டில் பிடிப்பது போல இரண்டு கையையும் நீட்டியிருந்தார். வளைவு வந்ததும் உடம்பைச் சாய்த்தார், பார்வையைத் திருப்பினார், எல்லாம் சரியாகச் செய்தார். இடது கை மட்டும் இறுக மூடியே இருந்தது. வண்டியே இல்லை, அப்போதும் விடவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு அறையும் நினைவில்லை, செருப்பு ஸ்டாண்டும் நினைவில்லை. ஈரத் துணியை அப்படியே போட்டுவிட்டு, "அண்ணி, கிளம்புங்க, கிடங்குக்குப் போகலாம்" என்றேன்.

போனதும் ஃபேன் ஒயரைப் பிடுங்கினேன். பிறகு சொன்னேன்.

"அண்ணி, எருமைக்கு ஒரு நோயும் இல்ல. சூடு உங்க கையால வருது. நீங்க க்ளச்சை விடறதே இல்ல. அதான் எண்ணெய் கொதிக்குது, அதான் வண்டி நிக்குது. எத்தனை கூலர் மாட்டினாலும் நிக்கும்."

அவர் என்னையே பார்த்தார். இனி வாழ்நாள் முழுக்கத் தட்டுச் சத்தம்தான் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

"நீ ஓட்டிக் காட்டு" என்றார்.

எருமையைக் கிளப்பி, அவர் போடுகிற அளவுக்கே எட்டுப் போட்டேன். க்ளச்சை முழுதாக விட்டு, வளைவில் மட்டும் லேசாகத் தொட்டு ஓட்டினேன். இறங்கியதும் அவரே தெர்மாமீட்டரை இறக்கினார். நூறுகூட வரவில்லை. துணியால் அதைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"முதல் நாள்லேருந்து."

"அவனுக்கு?"

"அவருக்கும்தான்."

"உன் தம்பிக்கு?"

நான் தரையைப் பார்த்தேன்.

"அந்த இன்ஸ்பெக்டர் முன்னாடி மூணு தடவை காலை ஊனிட்டு நின்னேன். மூணு தடவையும் நீங்க எல்லாம் தெரிஞ்சுதான் பார்த்துட்டிருந்தீங்க." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "அந்த வீட்டுல என் மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க, உனக்கு வராதுன்னு. இங்க நீங்க எல்லாம் மனசுக்குள்ள அதையே நெனச்சுக்கிட்டு வண்டிக்கு ஃபேன் மாட்டினீங்க. எதும்மா மோசம்?"

எனக்கு நாக்கு நீளம் என்று பெயர். அன்று அது எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது.

"சொன்னா நீங்க பேசாம இருந்துடுவீங்கன்னு..." என்று இழுத்தேன்.

"துணி விஷயத்துலயா? கோவமெல்லாம் இல்ல. இந்த வீட்டையும் விட்டுப் போகச் சொல்லிடுவீங்களோன்னு பயம். வாயைத் திறந்தா ஏதாவது தப்பா வந்துடுமோன்னு இருந்தேன்." வண்டியில் ஏறி உட்கார்ந்தார். "சரி, நின்னுக்கிட்டிருந்தா எப்படி? இந்தக் கைய என்ன பண்ணணும், அதைச் சொல்லு."

சொன்னேன். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து விடச் சொன்னேன். விட்டதும் வண்டி நகர்ந்தது, அவர் பயந்து மறுபடி பிடித்தார். "தப்பு" என்றேன். மறுபடி பிடித்தார், மறுபடி "தப்பு" என்றேன். அந்த ஒரு காலையில் அவரிடம் நான் சொன்ன தப்புகள் கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்தவை. அவரும் சளைக்கவில்லை. "கத்தாதே, காது கேக்குது", "நீ சொல்லிக்குடுக்கிற லட்சணம் இதுதானா?" என்று திருப்பிக் கொடுத்தார். வெயில் ஏறுவதற்குள் நாங்கள் இரண்டு பேரும் தொண்டை கட்டிப்போய், வருஷக்கணக்காகப் பழகியவர்கள் மாதிரி சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். கருகல் வாசனை நின்றிருந்தது.

என் வீட்டுக்காரரிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. நாத்தனார்தான் வேண்டாம் என்றார். அந்த வாரம் முழுக்கக் காலையில் நாங்கள், மாலையில் என் வீட்டுக்காரர் பெரிய ஃபேன் தேடிக்கொண்டு கடை கடையாக.

தேர்வு நாள். கூலர் அப்படியே இருந்தது, கழற்ற நேரமில்லை. புது ஃபேனை ஓடவிட என் வீட்டுக்காரர் குனிந்தபோது நாத்தனார் தடுத்தார். "வேண்டாம். எஞ்சின் சத்தம் எனக்குக் கேக்கணும்." கிளம்பினார். முதல் வளைவு முடிந்தது. இரண்டாவது வளைவில் என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். நான் இடது கையை மட்டுமே பார்த்தேன். விரல்கள் ஹேண்டிலோடு சும்மா கிடந்தன. எருமை தன் பாட்டுக்குத் திரும்பி, தன் பாட்டுக்கு நேரானது. இன்ஸ்பெக்டர் நிமிராமலே "பாஸ்" என்று எழுதிவிட்டு, வண்டியின் முன்னால் தொங்கியதைப் பார்த்துக் கிட்டே வந்தார்.

"என்ன சார் இது?"

என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்து, எண்ணெய், வெப்பம் என்று ஆரம்பித்தார். நாத்தனார் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு இறங்கினார்.

"எங்கிட்ட வாயால சொல்ல வேண்டியதை இவன் அலுமினியத்துல செஞ்சு மாட்டியிருக்கான் சார்."

இன்ஸ்பெக்டருக்குப் புரியவில்லை, அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விட்டார். என் வீட்டுக்காரருக்குப் புரிந்தது. என்னைப் பார்த்தார்.

"அவளை ஏன் பார்க்கறே? அவதான் சொன்னா. ஒரு நிமிஷம் ஆச்சு. கோவம் வந்துச்சு, போயிடுச்சு. நீ தலையைச் சுத்தி மூக்கைத் தொட்டுக்கிட்டே இருந்தே. மனசுல வேற எதாவது இருந்தா இப்பவே சொல்லிடு. ஊருக்குப் போனப்புறம் அங்க வந்து எதையும் மாட்ட முடியாது."

என் வீட்டுக்காரர் கையைத் துடைத்தார். கையில் ஒன்றும் இல்லை, சும்மா துடைத்தார். துடைத்துக்கொண்டே "போகாதேக்கா" என்றார்.

இத்தனை பாடுபட்டு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தது நான், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் படுப்பது நான், இவர் போகாதே என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் இந்த மனிதர் ஒரு விஷயத்தை இப்படி நேராகச் சொல்லி நான் கேட்டதில்லை.

"ஏன்டா?" என்றார் நாத்தனார்.

"நீ வந்தப்புறம்தான் எனக்கு வேலை முடிஞ்சதும் வீட்டுக்குப் போகணும்னு தோணுது."

"பக்கத்துல பொண்டாட்டி நிக்கறா, பார்த்துப் பேசுடா" என்று சிரித்தார் நாத்தனார். சிரிப்போடு கண்ணும் நிறைந்துவிட்டது. தம்பியின் சட்டைக் காலரைச் சரிசெய்தார். "இதைக் கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் போறேன்டா. லீவு கெடச்சா வரேன். என் வண்டியில."

அவர் எருமையை உதைத்துக் கிளப்பி, எங்களை அங்கேயே விட்டுவிட்டு வீதியில் இறங்கிவிட்டார். என் வீட்டுக்காரர் அழுதார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வாய் திறந்துவிட்ட மனிதர், இனி என்னிடம் என்னென்ன சொல்லப்போகிறாரோ என்று எனக்கு உள்ளூர உதறல் எடுத்தது.